ஐஸ்பெட்டியில் வந்த தடுப்பூசி

அக்காவுக்கு மண்ணீரலில் புற்று. அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றார் பெரிய டாக்டர். எடுத்த பிறகு கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும், சாதாரணக் காய்ச்சல்கூட ஆளைச் சாய்த்துவிடும். அதனால் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிமோனியா தடுப்பூசி போட்டாக வேண்டுமாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மருந்து லேசில் கிடைக்காது. பட்டணத்துக் கடையொன்றில் சொல்லிவைத்தோம். வந்ததும் அக்கா வீட்டுக்காரர், என் மாமா, வாங்கிவரப் போனார்.

மருந்து சில்லென்று இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கோவளத்தில் மீன் விற்கிறவரிடம் அவ்வளவு சொன்னால் போதாதா? ஐஸை நொறுக்கி, கல்லுப்பைத் தூவி, வஞ்சிரத்தைப் புதைப்பதுபோல் குப்பியைப் புதைத்து, மீன்பெட்டியும் கையுமாகத் தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்து இறங்கினார். அக்கா அப்போது என்னோடுதான் இருந்தாள். ஊசி போட வந்த எங்கள் தெரு டாக்டர் குப்பியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே கட்டியாக உறைந்திருந்தது.

"இது வீணாப் போச்சுங்க. உறைஞ்ச மருந்தைப் போடக்கூடாது."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுத்த மருந்து வரத் தாமதமாகும் என்றது கடை. ஆபரேஷன் தேதியோ குறித்தாகிவிட்டது.

"ஊசி இல்லாமலே பண்ணிக்கலாங்க்கா. தள்ளிப் போட்டா கட்டி வளந்துடும்" என்றேன். பயந்துபோய்த்தான் சொன்னேன்.

அக்கா மசியவில்லை. "கட்டிக்குப் பயந்துகினு காய்ச்சல்ல சாவ சொல்றியா? ஊசி போடாம நான் படுக்க மாட்டேன். டாக்டராண்ட நானே கேக்குறேன்."

கேட்டாள். பெரிய டாக்டரும் யோசித்து, தேதியைத் தள்ளிவைத்தார்.

இரண்டாவது குப்பிக்கும் மாமாவையே அனுப்பினாள். நான் குறுக்கே பேசினால் முறைத்தாள். இந்த முறை தெரு டாக்டரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டு போன மாமா, ஐஸ் நேரே படாமல் குப்பியைத் துணியில் சுற்றி ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். குப்பியை ஆட்டியபோது மருந்து தளும்பியது. அக்கா கையை நீட்டினாள். ஊசி ஏறியதும் மாமா அழுதேவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் அடுத்த ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் வைத்துக் கொடுக்கலாம் என்றவர்களின் வாயை அடைத்துவிட்டு, மாமா அவளை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். சேதி கேட்டு நான் பதறியடித்துக்கொண்டு அங்கே போய் நின்றபோது அக்கா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மாமா என் கையைப் பிடித்து இழுத்து அவள் நெற்றியில் வைத்தார்.

"பாரு மச்சான், சில்லுனு கீது."