டிரில்லுக்குக் கீழே ஒரு கை

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போன ஜனவரியில், சீலம்பூரில், என் சொந்தப் பட்டறையில் நடந்தது இது. பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

டெல்லி ஆபீஸ்கள் தூக்கி எறியும் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துத்தான் எங்கள் சந்தே பிழைக்கிறது. ஆண்கள் உடைப்பார்கள். வீட்டுப் பெண்கள் திருகு கழற்றி, கம்பி உரித்து, ரகம் பிரிப்பார்கள். நான்தான் அந்த வருடம் முறையாக லைசென்ஸ் வாங்கினேன். கம்பியை எரிப்பது கிடையாது, தங்கம் பிரிக்க அமிலம் கிடையாது. முதல் பெரிய ஒப்பந்தம் நொய்டாவில் ஒரு ஆபீஸ். அவர்கள் ஆள் நிகம் கறாராகச் சொல்லியிருந்தான். எந்த மெஷினையும் ஆன் செய்யக்கூடாது. ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கிலும் உள்ளே இருக்கும் தகவல் அழியும்படி துளை போட்டு, போட்டோ அனுப்ப வேண்டும். நானும் என் மச்சினன் ஃபுர்கானும் தவிர வேறு கை படக்கூடாது. பட்டால் ஒப்பந்தம் போச்சு, லைசென்ஸுக்கும் வேட்டு.

அன்று மதியமே பனிமூட்டம் எங்கள் சந்து முழுவதையும் மூடிவிட்டது. மூன்று டிஸ்க்குகள்தான் மீதி. ஒன்றை ஃபுர்கான் துளைத்துப் போட்டோ அனுப்பினான். உடனே நிகமிடமிருந்து எனக்குப் போன்.

"தௌகீர், யாருய்யா அந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை சாப்?"

"போட்டோவைப் பாரு."

பார்த்தேன். டிஸ்க்கின் ஓரத்தைத் தொட்டபடி இரண்டு விரல்கள். பெண் விரல்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபுர்கான் பக்கம் திரும்பினேன்.

"டேய், குல்நாஸை உள்ள விட்டியா? பொண்டாட்டி இல்லாம உனக்கு ஒரு வேலை ஓடாதோ?"

"மச்சான், அவ பரேலிக்குப் போய் ஒரு வாரமாச்சு. அல்லா மேல சத்தியம்."

"அப்போ இது யாரு கை? உங்கம்மா பறந்து வந்தாங்களோ?"

சின்ன வயதிலிருந்தே புளுகன் அவன். டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரை இழுத்து உள்பக்கம் பூட்டினேன். குல்நாஸைப் பெட்டிகளுக்குப் பின்னால்கூடத் தேடினேன். யாரும் இல்லை.

மணி மூன்றே முக்கால். இரண்டாவது டிஸ்க்கை மேசையில் இருந்த இரும்புப் பிடியில், வைஸில், இறுக்கினேன்.

ர்ர்ர்ர்ர்...

டிரில் இரும்பைக் கடிக்கும் சத்தம் எனக்கு அத்துப்படி. இது அந்தச் சத்தம் இல்லை. முதலில் எதுவோ மெத்தென்று... அப்புறம்தான் இரும்பு.

போட்டோ எடுத்துப் பார்த்தேன். இப்போது நான்கு விரல்கள், மணிக்கட்டு. எங்கள் பெண்களுக்கு விரல் நுனி வெடித்துக் கறுத்திருக்கும். இது சுத்தமான கை. மணிக்கட்டில் வெள்ளைச் சங்கு வளையல், ஒட்டினாற்போல் ஒரு சிவப்பு வளையல். கல்யாணமான வங்காளப் பெண்கள் போடுவது. எங்கள் சந்தில் அப்படி ஒருத்தி கிடையாது.

வைஸைப் பார்த்தேன். டிஸ்க் மட்டும்தான் இருந்தது.

ஓடியிருப்பேன். ஆனால் லைசென்ஸ்...

போன் அடித்தது. நிகம்.

"என்ன லேட்டு? கூட யாராவது இருக்காங்களா?"

"இல்ல சாப். நான் மட்டும்தான்."



"கடைசி டிஸ்க்கைச் சீக்கிரம் முடி. அதுதான் முக்கியம்."

வேண்டாமென்று எறிந்ததில் என்ன முக்கியம்? அப்போதே எனக்கு உறுத்தியது. உறுத்தியும் அதை எடுத்து இறுக்கினேன்.

ர்ர்ர்ர்ர்...

டிரில் நின்றது. நான் நிறுத்தவில்லை.

யாரோ மூச்சு விட்டார்கள். மிகப் பக்கத்தில்...

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். உள்ளே இறங்கியது.

கிளிக். பார்க்காமலே அனுப்பினேன்.

பிறகு பார்த்தேன்.

டிஸ்க்கை முழுவதுமாக மூடி விரித்த கை. துளை அந்தக் கையின் நடுவில் இருந்தது.

நிகம் போன் செய்யவில்லை. நான் அடித்தபோது எண் அணைந்திருந்தது. நானும் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டில் படுத்துவிட்டேன்.

மறு வாரம் போலீஸ் வந்து பட்டறையைத் திறக்கச் சொன்னது. அந்த ஆபீஸில் கணக்கு பார்த்த ஷர்மிஷ்டா என்ற பெண்ணை ஒரு மாதமாகக் காணோமாம். நிகமும் தலைமறைவாம். அவள் கம்ப்யூட்டரில் ஏதாவது துப்பு கிடைக்கும் என்று வந்திருக்கிறார்கள். கூட வந்த கணவன் அவள் படத்தை நீட்டினான். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். சங்கு வளையல். சிவப்பு வளையல்.

"ஒரு டிஸ்க்காவது மிச்சம் இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தக் கை எதற்காக வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிஸ்க்கைப் பிடித்துக்கொடுக்க வரவில்லை அது. துளைக்கவிடாமல் தடுக்க வந்திருக்கிறது.

"இல்ல சாப். எல்லாத்தையும் முறைப்படி அழிச்சாச்சு."

அவள் கணவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான்..." ஃபுர்கான் வைஸுக்கு அடியில் குனிந்திருந்தான். எதையோ எடுத்துக் காட்டினான்.

இரும்புச் சீவலுக்கு நடுவே, வெள்ளையாக, ஒரு சங்குத் துண்டு.