அக்காவும் மாடித் தொட்டி மீன்களும்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு பழகிய எல்லாருக்கும் வணக்கம். நான் ஏழாம் வகுப்போடு நிறுத்தியவன். லாரியிலும் ஓட்டலிலும் நாலு மாநிலம் சுற்றியவன். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் அக்காவின் மீன்களைப் பற்றி நம் சொந்தத்துக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்துதான் அக்காவின் ஒரே மகள் தன் கைக்குழந்தையைத் தாய் வீட்டுக்குக் கொண்டுவராமல் இருந்தாள். அதைத் திருத்த வேண்டியவன் நான்.

அக்கா பாலசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தார். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்தார்கள். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்கு ஆறு. அதற்குப் பிறகு அக்காதான் சமைத்தார், கரும்பு வெட்டப் போனார், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் வீட்டை விட்டு ஓடினேன். முதல் முறை புத்தூர் ரயில் நிலையம் வரை தேடி வந்து பிடித்துக்கொண்டு போனார். இரண்டாம் முறை தேடி வரவில்லை. பசித்தால் வருவான் என்று நைனாவிடம் சொன்னாராம். சரியாகத்தான் சொன்னார். பசித்தபோதெல்லாம் வந்தேன்.

மேஸ்திரி வேலை செய்த மாமாவைக் கட்டிக்கொண்டு அக்கா திருப்பதிக்கு வந்தார். திருமலைக்கு வரும் கூட்டத்துக்காக லாட்ஜுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய காலம் அது. மாமா அந்தக் கட்டடங்களில் செங்கல் அடுக்கினார். அவை எழுந்ததும் அக்கா அவற்றின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தார். பிறகு மாமா குவைத்துக்குப் போய், அங்கே சம்பாதித்ததில் ஊர்க்கோடியில் இரண்டு அறையும் ஒரு மொட்டை மாடியும் உள்ள வீட்டைக் கட்டினார். நெஞ்சுக் கோளாறோடு திரும்பி வந்தவர் அதிக நாள் இருக்கவில்லை. அக்கா தனியாக நின்று மகளைப் படிக்கவைத்தார். மகள் பெங்களூரில் வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணமும் ஆனது.

மகள் வாங்கிக் கொடுத்த செல்போனில் அக்கா ஒரு தெலுங்கு வீடியோ பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் மாடித் தொட்டி. இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் டேங்கில் ஜிலேபி மீன் விட்டார். நீல டிரம்மை நெடுக்காகப் பிளந்து, உள்ளே ஜல்லிக்கல் நிரப்பி, கல்லில் கத்தரியும் தக்காளியும் புளிச்சக்கீரையும் நட்டார். ஏர்கூலரில் இருக்கும் சின்ன மோட்டார் மீன் தண்ணீரைக் கல்லுக்கு ஏற்றும். கல் வழியாகத் தெளிந்து தண்ணீர் மறுபடி மீனுக்கே இறங்கும். டிரம் நிறைந்ததும் குழாய் மொத்தத் தண்ணீரையும் ஒரே இழுப்பாக இழுத்துவிடும். அப்போது யாரோ செம்பைத் தூக்கிக் கடகடவென்று குடிப்பது போலச் சத்தம் வரும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கேலி செய்தேன். “இன்னாக்கா இது, மீனு மூத்திரத்துல கத்திரிக்காயா?”

“நீ சாணி எருவுல வௌஞ்சத துன்னுதானே வளந்த? அப்ப வாய் கோணிக்கினுச்சா?” என்றார் அக்கா. பிறகு ஒரு கத்தரிக்காயைப் பறித்து என் கையில் வைத்தார். “சென்ட் நெலம் இல்லாதவ வெவசாயம்டா இது. மண்ணே இல்ல பாரு.”

அந்தக் கத்தரிக்காயை அக்கா எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். இதைப் படிக்கும் உங்களில் பலர் சாப்பிட்டிருப்பீர்கள். புரட்டாசியில் மட்டும் மீன் பிடிக்கமாட்டார், தீனி போடுவதோடு சரி. அந்த மாதம் மீன்களும் விரதம் என்று சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. நான் அப்போது தடாவில் ஒரு பஞ்சர் கடையில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் சேருவதாகப் போனில் சொன்னார். “நீ வந்து ஊட்ல இருடா. கரண்ட் போனா மோட்டார் நின்னுடும், மீனு தாங்காது.” இரண்டு நாளில் வருகிறேன் என்றேன். தடாவிலிருந்து திருப்பதி மூன்று மணி நேரப் பஸ் தூரம்தான் என்று உங்களுக்குத் தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். மாடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா தினமும் வந்து தீனி போட்டிருக்கிறார். மீன் ஒன்றுகூடச் சாகவில்லை.

உயிரோடு இருந்தபோது அக்காவுக்கு ஒரு வேலையும் செய்யாத நான், அதன்பின் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். கருமாதிக்கு முந்தைய நாள் காலை, தீட்டுக் கழிய வீட்டைக் கழுவச் சொன்னார்கள். சுவர், தரை, பாத்திரம், மாடிப்படி எல்லாவற்றையும் கழுவினேன். மாடியில் ஜல்லிக்கல் பச்சையும் பழுப்புமாக வழவழவென்று இருந்தது. சாவு வீட்டில் இந்த அழுக்கை வைத்திருப்பதா என்று தோன்றியது. செடிகளைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, கல்லை எல்லாம் அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டு, வெள்ளையாகும் வரை தேய்த்துத் திரும்பக் கொட்டி, செடிகளை மறுபடி நட்டேன். இடுப்பு ஒடிந்தது. அக்கா பார்த்தால் மெச்சுவார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மறுநாள் நீங்கள் எல்லாரும் வந்தபோது முப்பதுக்கு மேல் மிதந்துகொண்டிருந்தன. ஊரிலிருந்து வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார். “வாயில்லா ஜீவன் பாரு. வளத்தவ போனதும் கூடவே போவுதுங்க. அவதான் இட்டுக்கினு போறா.” எல்லாரும் அழுதார்கள். அக்கா மகளும் அங்கேதான் நின்றாள், வயிற்றில் ஏழு மாதம். நான் கூடையில் மீன்களை அள்ளிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஒருவருக்கு மட்டும் விஷயம் புரிந்தது. அக்காவோடு லாட்ஜில் துணி துவைத்து, பிறகு நகரிக்குப் போய்ப் பவர்லூம் ஓட்டும் தோழி. நாங்கள் நகரியம்மா என்று கூப்பிடுவோம். அவர் டிரம் பக்கத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

“இன்னாடா கல்லு வெள்ளையா கீது?”

“கழுவினேன்மா.”

“எதால?”

சொன்னேன். அவர் கல்லை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “அந்தப் பாசியிலதாண்டா உசுரே இருந்துச்சி. மீனு கழிக்கிற விஷத்த அதுதான் துன்னு எருவாக்கும். நீ அத்த சாவடிச்சிட்டு மீன உள்ள வச்சிக்கிற.” கல்லை டிரம்மில் போட்டுவிட்டு அவரே வழியும் சொன்னார். “எனுக்கு உங்கக்கா ரெண்டு கூடை கல்லு குடுத்துச்சி. பாலுக்கு ஒற ஊத்தற மாதிரின்னு சொல்லிச்சி. இன்னும் எங்க ஊட்டு தொட்டியில கீது. வந்து எடுத்துக்கினு போ.”

தண்ணீரைப் பாதிக்கு மேல் மாற்றிவிட்டு மறுநாளே நகரிக்குப் போனேன். ஈரக்கல்லைக் கோணியில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காயவிடக் கூடாது என்று நகரியம்மா சொல்லியிருந்ததால் பாட்டிலிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். சட்டை நனைந்து, பக்கத்தில் இருந்தவர் வேட்டியும் நனைந்தது. “சாமிக் கல்லாப்பா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அக்கா கைபட்டு வளர்ந்த அந்த வழவழப்பு என் உள்ளங்கையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் பிடித்திருக்க வேண்டிய கையை அன்றைக்குப் பிடித்துக்கொண்டு வந்தது போல இருந்தது. கல்லை டிரம்மில் கொட்டியபோது மிஞ்சியிருந்தது ஏழு மீன்கள். அவை பிழைத்தன.

அதன்பின் நான் எங்கும் போகவில்லை. தினமும் தீனி போடுகிறேன். படியில் என் காலடி கேட்டால் மீன்கள் அக்கா வழக்கமாக நின்ற மூலைக்குப் போய்க் கூடுகின்றன. நான் எதிர்மூலையில் நிற்கிறேன்.

போன மாதம் இந்த மலரைப் பற்றிப் பேச அக்கா மகள் வந்தாள். குழந்தையைப் பெங்களூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது மாடியில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அத்த நிறுத்திடு மாமா.”

“ஏம்மா?”

“அம்மா மீன இட்டுக்கினு போச்சின்னு எல்லாரும் சொல்றாங்க. அப்பால யார கூப்புடுமோன்னு இருக்கு. கொழந்தைய இங்க கொண்டாரவே பயமா கீது.”

அப்போதுதான் சொன்னேன். கல்லைக் கழுவியது நான், மீன்களைக் கொன்றது நான் என்று.

“ஒரு வருசமா இன்னாத்துக்கு சொல்லல?”

“எல்லாரும் அழுதுக்கினு இருந்தாங்க. என்ன யாரும் கேக்கல. அப்படியே வுட்டுட்டேன்.”

“எங்கம்மாவ பேயாக்கிட்டியே மாமா” என்றாள்.

அவள் எழுந்து தனியாக மாடிக்குப் போனாள். நான் கீழேயே இருந்தேன். இரண்டு முறை தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, முந்தானையில் கத்தரிக்காய் இருந்தது. “இதையும் மலர்ல எழுது” என்று சொல்லிவிட்டுச் சமையல் அறைக்குள் போனாள்.

அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், நான் வராத நாட்களில் மீனுக்குத் தீனி போட்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், பாடையைத் தோளில் சுமந்த மாப்பிள்ளைமார்களுக்கும், கல் கொடுத்த நகரியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இன்று அக்கா மகள் குழந்தையோடு வருகிறாள். முதல் முறையாக அந்தக் குழந்தை தன் பாட்டி வீட்டுக்குள் வருகிறது. எங்கள் அக்கா யாரையும் கூட அழைத்துக்கொண்டு போகவில்லை. நான் கூடப் போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கே தனியாகத்தான் போனார். தயவு செய்து, அந்தப் பழைய பேச்சை அக்கா மகள் எதிரில் யாரும் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள், நான் மாடியில்தான் இருப்பேன்.