மதலேன் டீச்சர் கையில் இருபத்தொரு சீட்டுகள்

புறநகர் சார்செலில் இருந்து மரியதாஸ் அண்ணை தொலைபேசி எடுத்தபோது, நான் கடையின் இரும்புக் கதவைப் பாதிதான் உயர்த்தியிருந்தேன். "டீச்சர் மோசம் போட்டாவாம்," என்று சாவுச் செய்தியைச் சொன்னார். எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. எண்பதுகளில் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதிக்கு அகதிகளாக வந்து சேர்ந்த எங்களுக்கு ஒரே ஒரு டீச்சர்தான்.

மதலேன் டீச்சர் பாண்டிச்சேரியில் பிறந்தவர். கிழமை நாட்களில் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை. சனிக்கிழமை பிற்பகல்களில் ரூ காய் என்ற தெருவுக்குப் பின்னால் இருந்த தேவாலய மண்டபத்தில் எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்தார். உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு வந்து உட்காரும் இருபத்தொரு ஆண்கள். எதிரே முப்பத்தைந்து வயதில் அவர் ஒருவர். "தப்பாப் பேசுங்க, பரவாயில்ல. பேசாம மட்டும் இருக்காதீங்க," என்பார்.

1988 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிந்திருந்தது. மக்கள் போட்ட வாக்கில் இவ்வளவு நெருக்கம், முடிவில் மட்டும் ஏன் இவ்வளவு தூரம் என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். அங்கே மக்கள் ஜனாதிபதியை நேரடியாகத் தெரிவு செய்வதில்லை என்றார் டீச்சர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் அளவுக்கேற்பத் தேர்வாளர் வாக்குகள் உண்டு. ஒரு மாநிலத்தில் ஒருவர் கொஞ்சம் முந்தினாலும், அநேகமாக அத்தனையும் அவருக்கே போய்விடும். எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை.

"சரி, செஞ்சே பாத்துடலாம்," என்றார்.

அன்று எங்களுக்கு உண்மையாகவே ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. நிரந்தர முகவரி இல்லாத எங்களுடைய அகதி விண்ணப்பக் கடிதங்கள் மண்டபத்து முகவரிக்கே வந்தன. நிராகரிப்பு வந்தால் மேன்முறையீட்டுக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். தபால்பெட்டிச் சாவியை வைத்திருப்பவர் ஒரு கடிதத்தை மறந்துபோனால், ஒரு மனிதன் திரும்பிப் போக வேண்டிவரும். சாவிக்கு இரண்டு பேர் நின்றார்கள்: சமையல்காரர் சந்திரன் அண்ணை, மன்னாரிலிருந்து வந்த மரியதாஸ் அண்ணை.

நான் படுத்தது சந்திரன் அண்ணையின் அறையில். எனக்கு வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். ஆனால் அவர் பெரிய மறதிக்காரர். என் சீட்டில் மரியதாஸ் என்று எழுதினேன்.

மூன்று மேசைகள், மூன்று மாநிலங்கள். ஐந்து பேர் மேசையில் மரியதாஸ் அண்ணை மூன்றுக்கு இரண்டு என்று முந்தினார், ஐந்தும் அவருக்கு. எங்கள் ஏழு பேர் மேசையில் நான்குக்கு மூன்று, ஏழும் அவருக்கு. ஒன்பது பேர் மேசையில் எட்டுப் பேர் சந்திரன் அண்ணைக்குப் போட்டிருந்தார்கள், ஒன்பதும் அவருக்கு. பன்னிரண்டுக்கு ஒன்பது என்று மரியதாஸ் அண்ணை வென்று சாவியை வாங்கினார். தலைகளை எண்ணினால் சந்திரன் அண்ணைக்குப் பதின்மூன்று பேர், மற்றவருக்கு எட்டுப் பேர்.

"பாத்தீங்களா, இதுதான் அது!" என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிய வெண்கட்டியைக் கீழே வைத்தார்.

"ஊரிலையும் இப்பிடித்தான் ஏமாத்தினவங்கள். இஞ்சையும் அதுவோ?" என்று ஒரு குரல் எழுந்தது. எங்கள் அறையிலேயே இருந்த தேவன் எழுந்துபோய்க் கதவை மறித்து நின்றான். "ஏழு பேர் மேசையிலை அந்த நாலு பேரும் ஆர் எண்டு தெரியவேணும். சீட்டைத் தாங்கோ டீச்சர். எழுத்தைப் பாத்து நான் சொல்லுவன்."

தேவன் தாய்க்கு அனுப்பும் கடிதங்களை எழுதிக் கொடுப்பவன் நான்தான். வேறு யாருடைய எழுத்துத் தெரியாவிட்டாலும் என்னுடையது அவனுக்குத் தெரியும்.

டீச்சர் சீட்டுகளை அள்ளிக் கைக்குள் பொத்தினார். "தரமாட்டேன்."

தேவன் அவருக்குக் கிட்டே வந்தான்.

"என்னைத் தள்ளிட்டுத்தான் எடுக்கணும், தம்பி. தள்ளுவீங்களா?" பொத்திய விரல்கள் விரியவில்லை. தேவன் நின்ற இடத்திலேயே நின்றான். டீச்சர் மூலையிலிருந்த குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து, சீட்டுகளைப் பிசைந்தார். விரல்களுக்கிடையே நீல மை வழிந்தது. கடைசியில் கையில் கூழ்தான் இருந்தது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "கணக்கு சரிதான். தப்பு என்னோடது. பாடம் வேற, உங்க வாழ்க்கை வேற. ரெண்டையும் கலந்துட்டேன். பேரைக் கையால எழுத வச்சது அதைவிடப் பெரிய தப்பு."

மரியதாஸ் அண்ணை சாவியை மேசையில் வைத்தார். "எட்டுப் பேரின்ரை சாவி எனக்கு வேண்டாம்."

சந்திரன் அண்ணை அப்போதுதான் வாய் திறந்தார். "தேவன், போய் இரடா."

அடுத்த சனிக்கிழமை டீச்சர் தட்டச்சில் அடித்த சீட்டுகளும் உறைகளும் கொண்டுவந்தார். மூலையில் ஒரு போர்வையைக் கட்டினார். ஆளுக்கு ஒரு வாக்கு, மேசைக் கணக்கு இல்லை. சந்திரன் அண்ணை பன்னிரண்டுக்கு ஒன்பது என்று வென்றார். சாவியை வாங்கிய கையோடு, "மரியதாஸ், நீரும் என்னோடை நில்லும். எனக்கு மறதி," என்றார். இருவரும் சேர்ந்தே பெட்டியைத் திறந்தார்கள். ஒரு கடிதமும் தவறவில்லை.

கிழமைதோறும் என் கொப்பியைத் திருத்தியவர் டீச்சர். முதல் நாள் சீட்டுகளை எண்ணியவரும் அவரே. என் எழுத்தை அவர் அடையாளம் கண்டிருப்பார். அதன்பின் எத்தனையோ கல்யாண வீடுகளில் நானும் சந்திரன் அண்ணையும் அவர் முன்னால் ஒன்றாக நின்றிருக்கிறோம். ஒரு பார்வையால்கூட அவர் அதைக் காட்டியதில்லை. ஒருமுறை ஆர்ஜொந்தெயில் இருந்த அவருடைய வீட்டில், "டீச்சர், அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன். "வேணாம். எனக்குக்கூடச் சொல்லாதீங்க," என்று தேத்தண்ணியை நீட்டினார்.

சந்திரன் அண்ணை, டீச்சருக்கு நான் எழுதும் இந்த அஞ்சலியை நீங்களும் வாசிப்பீர்கள். முதல் சனிக்கிழமை நான் செய்ததை இன்று சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சனிக்கிழமை போர்வைக்குப் பின்னால் எந்தப் பெயரை உறைக்குள் வைத்தேன் என்பதை உங்களிடமும் சொல்லமாட்டேன், மரியதாஸ் அண்ணையிடமும் சொல்லமாட்டேன். அது எனக்கு மட்டும் உரியது. டீச்சர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.