கதிர்காமநாதன் கைவிட்ட சொல்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், நாளுக்கு நூறு முறை வாயில் வரும் ஒரு சொல்லை நாற்பது வயதுக்கு மேல் ஏன் விட்டுவிடுகிறார்? கதிர்காமநாதனைப் பிற்காலத்தில் அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்ததில்லை.

கொழும்பில் தந்தித் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் நடுவில் மெல்போர்னுக்கு வந்து, தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் சேர்ந்தார். ரோவிலில் வீடு. அவரை நல்ல மனிதர் என்று சொல்பவர்கள் உண்டு. கெட்டிக்காரர் என்பதுவரை தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். அங்கிருந்த சில தமிழ்க் குடும்பங்களில் எது பழுதானாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கூப்பிடுதல் அவருக்கு வேண்டியிருந்தது.

நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, கிரான்பர்னில் நாகராஜன் என்ற சர்வேயர் இருந்தார். மதுரைக்காரர். பின்பக்கம் திறந்த தட்டுள்ள வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். அந்த ஊரில் அதை யூட் என்பார்கள். சதுப்பு நிலத்து வடிகால்களை அளந்துகொண்டு நாள் முழுக்கத் தனியாகத் திரிகிற வேலை அவருக்கு. மனைவி விஜயா நிறைமாதம். வீட்டில் தொலைபேசி இன்னும் வரவில்லை. இரு பக்கமும் பேசக்கூடிய சி.பி. ரேடியோவைப் பொதுமக்களுக்கு அரசு அனுமதித்திருந்த வருடம் அது. வீட்டில் ஒன்று, யூட்டில் ஒன்று. வலி எடுத்தால் விஜயா கூப்பிடுவாள், நாகராஜன் ஓடி வருவார். ஏற்பாடு அவ்வளவுதான்.

"சின்ன வேலை தம்பி, அரை மணித்தியாலம் காணும்" என்றார் கதிர்காமநாதன்.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்றே ரேடியோவைப் பொருத்த அவரை வரச் சொல்லியிருந்தார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தது. ஆன்டெனாவின் தாங்கியை பானெட் ஓரத்தில் திருகினார். அதன் அடி, பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பைத் தொட வேண்டும். தொட்டால்தான் எர்த் கிடைக்கும். இல்லாவிட்டால் பேச்சு அடுத்த தெருவைத் தாண்டாது. மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை; எர்த் இல்லை.

சுரண்டுவதற்குக் கத்தியை எடுத்தபோது விஜயா வந்தாள்.

"பூஜை போட்ட அன்னைக்கே வண்டியைக் காயப்படுத்தாதீங்க அண்ணா. நாளைக்குப் பண்ணிக்கலாமே."

கத்தியை மடித்தார். புல்வெளியில் விருந்தினர்கள் ரேடியோ பேசுவதைக் கேட்கக் காத்திருந்தார்கள்.

மின்தடையை ஓம் கணக்கில் காட்டும் அந்த மீட்டரின் மேல் நாகராஜன் குனிந்தார். "இதுலயும் ஓம்னு போட்டிருக்கே! உங்க ஊர்ல கரண்டுக்கும் ஓம், கல்யாணத்துக்கும் ஓமா?"

"ஓம்" என்றார் கதிர்காமநாதன். ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சொல் அது. எல்லோரும் சிரித்தார்கள்.

"எர்த் சரியா கிடைச்சிருச்சா அண்ணே?"

"ஓம்."

அதற்கும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து விஜயா பேச, வாசலில் நின்ற யூட்டிலிருந்து குரல் வந்தது. கை தட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சுரண்டிவிடலாம் என்று கதிர்காமநாதன் நினைத்தார். அந்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு யார் வீட்டிலோ சாப்பாடு. சொன்ன பொய்யை விட அதைத் திருத்தப் போவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு பிற்பகலில் விஜயாவுக்கு வலி எடுத்தது. "கேக்குதா? கேக்குதா?" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டே பக்கத்துக் கேரட் தோட்டம்வரை நடந்தாள். தோட்டக்காரர் தன் லாரியில், காய்கறிப் பெட்டிகளுக்கு முன்னால் அவளை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழந்தை பிழைத்தது. கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். நாகராஜன் இருட்டும் நேரத்தில் வந்து, பூட்டாத வெற்று வீட்டைப் பார்த்தார்.

ஆன்டெனாவைப் பார்க்கக் கதிர்காமநாதனை மறுபடி கூப்பிட்டார்கள். யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பியூஸைக் கழற்றிப் பார்த்தார். கேபிளை அடிமுதல் நுனிவரை தடவிப் பார்த்தார். பிளக்கை இறுக்கினார். எல்லாம் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பழுது எங்கே என்று தெரிந்துகொண்டே மற்ற இடங்களில் எல்லாம் தேடினார்.

விஜயா குழந்தையைத் தோளில் போட்டபடி கதவோரம் நின்றாள். "நான்தான் சானல் குமிழை வேற நம்பருக்குத் திருப்பிட்டேனோ அண்ணா? வலியில ஒண்ணுமே புரியல."

"இவளா? உப்பு டப்பான்னு சர்க்கரை டப்பாவை எடுக்கிறவளாச்சே" என்றார் நாகராஜன்.

"தங்கச்சி, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்டார் கதிர்காமநாதன். அவள் உள்ளே போனாள். குழந்தை அழ, நாகராஜனும் போனார். இவர் தாங்கியைக் கழற்றினார். அடியில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டினார். இரும்பு வெளுத்துத் தெரிந்தது. தாங்கியைத் திரும்பப் பூட்டி மீட்டரை வைத்தார். முள் ஒரே துள்ளலில் பூச்சியத்துக்கு வந்தது; எர்த் கிடைத்துவிட்டது.

நாகராஜன் யூட்டை எடுத்துக்கொண்டு சதுப்பு நிலம்வரை போனார். கதிர்காமநாதன் வீட்டு ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தார். விஜயா பக்கத்தில் நின்றாள். நாகராஜனின் குரல் அடுத்த அறையில் பேசுவதுபோல் வந்தது.

"அண்ணே, பிரமாதமா கேக்குது! அப்போ ஆன்டெனால ஒரு குறையும் இல்ல. அன்னைக்கு இவதான் குமிழைத் திருப்பியிருக்கா. அப்படித்தானே?"

மைக்கின் பொத்தானை அழுத்தினால் பேச வேண்டும். பேசாமல் விட்டால் இரைச்சல் மட்டும் கேட்கும். அவர் அழுத்தினார்.

"ஓம்."

சொல் அத்தனை மைலையும் தெளிவாகக் கடந்து போனது. விஜயா குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அம்மாவை மன்னிச்சுக்கடா" என்று அதனிடம் சொன்னாள். தேநீர் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்காமல் எழுந்தார்.

அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் அவர் "ஆமா" என்றார். "அண்ணே, எங்க ஊர்க்காரர் ஆயிட்டீங்க!" என்று நாகராஜன் மகிழ்ந்தார். யாழ்ப்பாணத்து நண்பர்கள், "என்ன, மதுரையிலே பொம்பிளை பார்க்கப் போறியோ?" என்று கேலி செய்தார்கள். அவர் சிரித்தார்.

மனைவி இராஜேஸ்வரி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "என்னோடயும் ஏன் ஆமா எண்டு சொல்லுறியள்? நான் என்ன இந்தியாக்காரியே? எனக்கு ஒருக்கா ஓம் எண்டு சொல்லுங்கோவன்."

கதிர்காமநாதன் பாதி சாப்பிட்ட சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.