ஒரு தறி, ஒரு பேர்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அப்பா ஐயம்பேட்டைச் சங்கக் கொட்டகையில் நின்றபடி பெயர் கூப்பிடுவார். நாற்பத்தாறு பேர். எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொண்டே அவர் பெயரை உரக்கக் கூப்பிடுவார். அவரும் பதில் சொல்லியாக வேண்டும். இதற்கு அப்பா வைத்திருக்கும் பெயர் பெரட்டு.

அது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் சொல். கொழுந்து பறிக்கப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அப்பா கலியன் பதினான்கு வயதில் அங்கிருந்து கப்பலேறி வந்தவர். இங்கே பட்டுத்தறிக் கூலியானார். இருபத்தெட்டு வயதில் சங்கம் கட்டினார். இரண்டு முறை சிறை. போலீஸ் அடியில் இறங்கிய வலது தோள் இன்னும் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. முதலாளி வீட்டுக்குள் செருப்போடு போவார். தறிக்குழிக்கு அருகில் கழற்றிவிடுவார்.

"தோட்டத்துல எங்கம்மா பேரத் தனியா கூப்புடுவாங்க. இன்னார் பொண்டாட்டின்னு இல்ல" என்று பெருமை பேசுவார்.

"அந்தத் தொரையே கூப்ட்டான். உன் சங்கத்துல எப்பய்யா என் பேர கூப்புடுவ?" என்பார் அம்மா.

அம்மா காந்தா. கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடல் நெய்யும் ஊடுநூல் நாடா அப்பா கையில், கரை நாடா அம்மா கையில். முப்பத்தொரு வருடம். உறுப்பினர் அட்டை அப்பாவுக்கு மட்டும். முதலாளிகள் தம் ஆட்களை நெசவாளர் என்று சங்கத்துக்குள் புகுத்தி வேலைநிறுத்தத்தைக் கவிழ்த்த காலத்தில் அப்பாவே போட்ட விதி அது: ஒரு தறி, ஒரு பேர்.

அம்மா ஐப்பசியில் இறந்தார். நுரையீரல். கடைசி வாரம் ஆக்சிஜன் அளவு 82, 79, 74 என்று குறித்துக்கொண்டிருந்தேன். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். அந்தக் கருவியில் பிழை இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை, இறந்துபோன உறுப்பினர்களின் பெயர்களை வாசிப்பார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். போன ஞாயிறு மூன்று பெயர்கள். அப்பா வாசித்து முடித்து நோட்டை மூடினார்.

யாரும் உட்காரவில்லை.

"அண்ணே, அண்ணி பேரு?" என்றார் பக்கத்துத் தறிக்காரர் கலியாணசுந்தரம்.

"காந்தா மெம்பர் இல்லப்பா."

"சட்டம் போட்டவன் நீதானே? மாத்திக்கினு போ."

"எனக்குன்னு இன்னிக்கு மாத்தினா, நாளைக்கு மொதலாளி அவன் மச்சானுக்குன்னு மாத்துவான்."

உறுப்பினர் அல்லாதவர் கொட்டகைக்குள் வரக் கூடாது. வாசலுக்கு வெளியே என்னருகில் நின்றிருந்த கலியாணசுந்தரத்தின் மனைவி இளவரசி தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"தறியில ரெண்டு பேரு குந்திக்கினு இருக்கறோம். சங்கத்துல மட்டும் ஒத்த ஆளா? நாங்க இன்னா, தறிக்கட்டையா?"

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

நோட்டைத் திரும்பத் திறந்தார். எங்கள் பதினேழாம் தறிக்கு எதிரே இருந்த தன் பெயரை ஒரே கோடாக அடித்தார். அதன் மேலே காந்தா என்று எழுதினார். உரக்க வாசித்தார்.

பிறகு நோட்டைக் கலியாணசுந்தரத்தின் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வந்து எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டார்.