விபூதி பூசிக்கொண்டு ஈசிஜிக்குப் போனவன்

துக்கம் விசாரிக்கப் போகிற வீடுகளில் நான் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றுவது வழக்கம். நெற்றியில் இருக்கும் விபூதியைத் தொட்டுக் காட்டி, "கடைசியில் எல்லாம் இதுதான், அதைத் தினமும் ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான் பூசுகிறோம்" என்பேன். குரல் தழையத் தழையப் பேசுவேன். காபி வரும்வரை பேசுவேன். மற்றவர்களின் சாவில் எனக்கு அப்படியொரு தெளிவு.

போன ஆடியில் ஒரு காலை, பம்மல் வீட்டில், குளித்துத் துண்டோடு நிற்கும்போது இடது மார்பில் ஏதோ பிடித்தது. முந்தின நாள் சாப்பிட்ட வடகறி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூஜை அலமாரிக்கு ஓடினேன். சம்புடத்தில் இருந்த விபூதி மொத்தத்தையும் உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, நெற்றி, கை, வயிறு என்று பூசிவிட்டு, மிச்சத்தையெல்லாம் மார்பில் அப்பினேன். ஒருநாள் நீ இப்படித்தான் ஆவாய் என்று சொல்கிற பொருளை, அப்படி ஆகாமல் இருப்பதற்காக அள்ளிப் பூசிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மனைவி எனக்கு ஒரு வேட்டியையும் சட்டையையும் மாட்டிவிட்டு ஆட்டோ பிடித்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், பட்டையா பூசிக்கினு கீற. எந்தக் கோயிலு?"

ஆஸ்பத்திரி என்றாள் மனைவி. அவர் வண்டியை முறுக்கினார். பல்லாவரம் வரை எந்தப் பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. அதில் ஒன்றில் இதயம் நின்றிருந்தால் காரணம் அவராகத்தான் இருந்திருப்பார்.

அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஈசிஜி எடுக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. நான் சட்டையைக் கழற்றியதும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு வயர் மாட்டிய ரப்பர் பல்பை அழுத்தி மார்பில் வைத்தாள். விழுந்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் விழுந்தது. காய்ந்த விபூதி பொருக்குப் பொருக்காக உதிர்ந்து படுக்கையில் கொட்டியது.

"இவ்ளோ இருந்தா நிக்காது சார். தொடச்சிரட்டுமா?"

இருந்த ஒரே பாதுகாப்பையும் கழற்றச் சொல்கிறாளே. கொஞ்சம் மட்டும் விட்டுவிட்டுத் துடைக்க முடியாதா என்று கேட்டேன்.

"எங்க சார் விடறது? நெஞ்சுலயே ஆறு எடத்துல வெக்கணும்."

மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ தொடைம்மா. அவரு அப்படித்தான் பேரம் பேசுவாரு."

ஈரப் பஞ்சு மார்பில் சில்லென்று இறங்கியது. வெள்ளைப் பஞ்சு சாம்பல் நிறமாக மாறி, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டிக்குள் போனது. இன்னொரு பஞ்சு. அதுவும் போனது. சாணம் எரிந்து, சலித்து, சம்புடத்துக்கு வந்து, என் மேல் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கவலை முழுவதும் படுத்திருந்தவனுக்குத்தான். நிலையாமையைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசியிருக்கிறேன்! ஒரு வாக்கியம்கூட உதவிக்கு வரவில்லை. வெறும் மார்போடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பல்புகள் இந்த முறை கச்சிதமாகப் பிடித்துக்கொண்டன.

டாக்டர் தாளை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முழு விவரமும் சொல்லிவிட்டாள்.

"கேஸ்தான். இப்போதைக்கு ஒண்ணும் இல்ல சார்."

எழுந்து போயிருக்கலாம். "இப்போதைக்குன்னா எதுவரைக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் மருந்துச் சீட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எனக்கும் இப்போதைக்குத்தான் சார்."

துக்க வீடுகளில் நான் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிற விஷயம் அது. அவர் அதைச் சொல்லியபடியே இரண்டு மாத்திரைகளும் எழுதி முடித்துவிட்டார்.

இப்போதும் தினமும் பூசுகிறேன், நெற்றியில் மட்டும். மார்பைக் காலியாக வைத்திருக்கிறேன். எந்த நேரத்தில் பல்பு வைக்க வேண்டியிருக்குமோ, அந்தப் பெண்ணுக்குப் பஞ்சாவது மிச்சமாகட்டும்.