ஊசிவால் வாத்துகள் இருந்த இடம்

என்னிடம் இருக்கும் பைனாகுலரின் இடது குழல் நசுங்கிப்போனது. வலது குழல் வழியாக மட்டும்தான் பார்க்க முடியும். இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் கார் தொழிற்சாலையில் தரம் பார்த்த மேடம் கொடுத்தது அது. லைனில் நகரும் கதவில் மயிரிழைக் கீறலைக்கூடப் பிடித்துவிடும் கண் அவருக்கு. ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் எங்களுக்குக் குளிர்காலப் பறவைகளைப் பற்றி வகுப்பு எடுப்பார். ஞாயிறுதோறும் பென்னலூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கு அழைத்துப்போவார். "கலர நம்பாத, வால பாரு" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "இன்னா பாத்தன்னு ஊருக்கே சொல்லு. எங்க பாத்தன்னு யாராண்டயும் சொல்லாத."

நான் சொன்னேன். ஒரு சனிக்கிழமை தனியாக ஏரிக்குப் போய், யார் உதவியும் இல்லாமல் ஊசிவால் வாத்துகளை அடையாளம் கண்டேன். தலைகால் புரியவில்லை. படம் எடுத்து, ஏரிக்கு வழியையும் எழுதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

மறுநாள் காலை நான் போனபோது கரையெல்லாம் இறகு. தண்ணீருக்குக் குறுக்கே வலை. மூன்று பேர் வாத்துகளைப் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் கழுத்தைத் திருகிக் கோணிக்குள் எறிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு முன்பே வந்துவிட்ட மேடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏய், கைய எடு" என்றான் ஒருவன். அவர் எடுக்கவில்லை. அவன் மூங்கில் கழியை ஓங்கினான். மேடம் பைனாகுலரைத் தூக்கித் தடுத்தார், குழல் நசுங்கியது. இரண்டாவது அடி கண்ணில் விழுந்தது. நான் கல்லை எடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் உடைந்தது என் கைக்குத் தெரிந்தது. மறுபடியும் அடித்தேன். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. அந்த ஆத்திரத்தில் பாதி என்மேல்தான்.

மேடத்துக்கு இடது கண் போய்விட்டது. தரம் பார்க்கும் வேலையும் போனது. கிளம்பும் நாளில் பைனாகுலரை என் கையில் வைத்தார். அப்போதும் அந்த ஸ்டேட்டஸைப் பற்றி நான் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து, இந்தக் குளிர்காலத்தில்தான் படப்பையில் அவர் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டே சொன்னேன். அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியும். உன் ஸ்டேட்டஸ பாத்துட்டுதான் அன்னிக்கு விடியறதுக்குள்ள ஓடினேன்."

"அப்புறம் ஏன் மேடம் இந்த பைனாகுலர எனக்குக் குடுத்தீங்க?"

"ஒவ்வொரு தடவ கண்ணுல வைக்கிறப்பவும் உனக்கு ஞாபகம் வரணும்னுதான்" என்றார். குரலில் கோபமே இல்லை. டீயை என் பக்கம் நகர்த்தினார்.

இன்று காலை ஏரிக்கு எட்டு ஊசிவால்கள் வந்திருந்தன. வலது குழலில் அவை தெரிந்தன. இடது குழலில் இருட்டு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் பார்க்கிறேன்.